பிள்ளையை யார் தூக்கிக்கொள்வது?

அன்புள்ள தங்கைக்கு,

போன வாரம் கேன்டீனில் டீ ஆறிப்போகும்வரை வேறென்னவோ பேசிவிட்டு, எழும்போது மெதுவாகக் கேட்டாய்: "அக்கா, இந்த ஆராய்ச்சி பேப்பர் வந்தப்புறம் குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கேன், சரிதானே?" அவசரத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாளாக மனசு கேட்கவில்லை.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பேப்பர் வந்தது. அப்புறம் தீசிஸ், அப்புறம் போஸ்ட்டாக் என்ற பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சி, அப்புறம் நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. 36 வயதில் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். இரண்டு வருடம் ஊசியும் ஸ்கேனுமாகப் போன பிறகுதான் மகள் பிறந்தாள். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் 'வேலை முடிந்தபின்' என்று ஒரு நாள் நம் தொழிலில் வருவதே இல்லை.

கருவுற்றதை மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம், பயம். பீனால், குளோரோஃபார்ம் என்ற நச்சு ரசாயனங்களை வைத்து, செல்லுக்குள் இருக்கும் ஆர்என்ஏ என்ற மரபுப் பொருளைப் பிரித்துக்கொண்டே இருந்தேன். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள் கையை விடும்போதெல்லாம் வயிற்றில் ஒரு நடுக்கம். அந்தத் தப்பை நீ செய்யாதே. கருவுற்றது தெரிந்த வாரமே உன் ஆய்வு கைடிடம் சொல். உங்கள் லேபில் கதிர்வீச்சுப் பொருள்களை வைத்து ரேடியோஆக்டிவ் வேலையும் நடக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்கு, மிச்சமுள்ள மாதங்கள் அத்தனைக்கும் சேர்த்து 1 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தான் வரம்பு. நீ வாயைத் திறந்தால்தான் அந்தக் கணக்கே தொடங்கும்.

1897-இல் மகள் ஐரீன் பிறந்தபின் மேரி கியூரி குழந்தையின் எடையையும் முளைத்த பல்லையும் நோட்டில் குறித்துவைத்ததை எல்லாரும் சொல்வார்கள். மாமனார் யூஜின் கியூரியைப் பற்றித்தான் பேசமாட்டார்கள். மனைவி இறந்ததும் மகன் வீட்டுக்கு வந்து, பேத்தியைப் பார்த்துக்கொண்டவர் அவர். அந்தப் பக்கம் ரேடியம் காய்ச்சப்பட்டபோது இந்தப் பக்கம் குழந்தைக்கு ஒரு தாத்தா இருந்தார்.

கிறிஸ்டியானே நுஸ்லைன்-வோல்ஹார்ட், பழ ஈக்களின் கருவளர்ச்சியை ஆராய்ந்து 1995-இல் நோபல் வாங்கியவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் 2004-இல் ஜெர்மனியில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். குழந்தை வைத்திருக்கும் இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு வீட்டு வேலைக்கும் பிள்ளை பார்க்கவும் ஆள் வைத்துக்கொள்ளப் பணம் தருகிறார்கள். இதைவிட உருப்படியான உதவி எனக்குத் தெரியவில்லை. மகளிர் தினத்துக்கு நமக்குக் கிடைக்கும் பூங்கொத்தை விட ஆயிரம் மடங்கு மேல்.

அதனால் உன்னால் முடியுமா என்று உன்னையே கேட்டுக்கொண்டிருக்காதே. சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளையை யார் தூக்கிக்கொள்வது? அதை உன் வீட்டுக்காரரிடம் கேள், இப்போதே, உட்காரவைத்துக் கேள். அம்மா வருவாரா, மாமியார் வருவாரா, ஆள் வைக்கப் பணம் இருக்கிறதா என்று இருவருமாகக் கணக்குப் போடுங்கள். பிஎச்டி மாணவிக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு என்று 2016-லேயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில் வந்துவிட்டது. பெண்களுக்கு ஆய்வை முடிக்க இரண்டு வருடம் கூடுதலாகவும் உண்டு. யாரிடமும் கெஞ்சாதே, விதியை அச்செடுத்துக்கொண்டு போ.

எனக்கு லேபில் பால் எடுத்து வைக்க இடமில்லை. உள்ளே தாழ்ப்பாள் இருந்தது சோதனை ஜெல்லை வெளிச்சமில்லாமல் பார்க்கும் இருட்டறைக்கு மட்டும்தான். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து, கதவு தட்டப்படும்போதெல்லாம் "ரெண்டு நிமிஷம்" என்று குரல் கொடுத்தேன். லேப் ஃப்ரிட்ஜில் ரசாயனம். அதனால் பாலை டீ ரூம் ஃப்ரிட்ஜில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். உனக்கு அந்த நிலை வரக்கூடாது. இந்த மாடியில் ஓர் அறை கேட்டு இன்று டைரக்டருக்கு எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை டாக்டரிடம் போக முடியாது, லேபில் வளர்க்கிற செல்களுக்கு மீடியா, அதான் ஊட்டத் திரவம், மாற்றணும் என்றாயே. நீ போ. ஃபிளாஸ்க்கில் திரவம் பழசாகி மஞ்சளாவதற்குள் நான் மாற்றிவிடுகிறேன். எந்த இன்குபேட்டர், எந்தத் தட்டு என்று மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அக்கா