கோவையை வளர்த்த பட்டியலில் பேக்கரி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவையை வளர்த்தவர்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1888-ல் வந்த ஸ்டேன்ஸ் மில், நீலகிரியில் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரம், 1914-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹால் சினிமா தியேட்டர், 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்த மின் மோட்டார் என்று எல்லாம் இருந்தன. எல்லாம் சரி, பேக்கரியைக் காணோமே?

சிரிக்காதீர்கள். வெளியூர்க்காரர்களுக்கு பேக்கரி என்றால் கேக் வாங்கும் இடம். எங்களுக்கு டீக்கடைக்கே அதுதான் பெயர். நான் ஆவாரம்பாளையம் பக்கம் 34 வருஷம் லேத்து, அதாவது இரும்பைக் கடையும் மெஷின், ஓட்டியவன், அதில் பாதிக்கு மேல் சொந்தப் பட்டறை. இந்த ஊர்த் தொழில் எப்படி ஓடுகிறது என்பதை நான் தெரிந்துகொண்டது பேக்கரி வாசலில்தான்.

ஒரு பம்பு செட் ஒரே கூரையின் கீழ் உருவாவதாக நினைக்க வேண்டாம். வார்ப்பு ஒரு பவுண்டரியில், கடைசல் ஒரு லேத்துப் பட்டறையில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேறெங்கோ ஒரு வீட்டின் முன் அறையில். யாரிடம் ஆர்டர் குவிந்திருக்கிறது, யார் மெஷின் சும்மா கிடக்கிறது, எந்தப் பார்ட்டி பணம் தராமல் இழுக்கிறான் என்பதெல்லாம் காலை பத்தரை டீக்கு வந்தால் தெரிந்துவிடும்.

ஒரு தடவை எனக்கு 200 ஷாஃப்ட் சனிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். புதன்கிழமை லேத்தில் கியர் உடைந்துவிட்டது. பேக்கரியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பன் தின்றுகொண்டிருந்தவர் எனக்கு ஆகாத மனுஷன், இரண்டு ஆர்டரை ரேட் குறைத்துச் சொல்லி என்னிடமிருந்து பிடுங்கியவர். "பாதியை நம்ம பட்டறைக்கு அனுப்பிச்சு விடுங்கண்ணா, நைட்டு ஓட்டிக்கலாம்" என்றார். பப்ஸ் சுற்றிவந்த காகிதத்திலேயே கணக்குப் போட்டோம். எண்ணெய் பட்ட இடத்தில் பேனா எழுதவில்லை, அதனால் நூறு என்பதில் ஒரு சைபர் விழவே இல்லை. வெள்ளிக்கிழமை இரவே சரக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் அதே மேசையில் பணத்தைக் கொடுத்தேன்.

டீ மாஸ்டர் பாலக்காட்டுக்காரர். பவுண்டரிக்கு வந்திருக்கும் ஒடிசா பையன்கள் முதலில் கற்ற தமிழ் 'சக்கரை கம்மி, லைட்டா' என்பதுதான். அதற்கு அவர் மலையாளத்தில் பதில் சொல்வார், யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. பட்டறைக்கு டீ வாங்கத் தூக்குப் போசியோடு வரும் பையன் போகும்போது ஊர்ச் செய்தியையும் சேர்த்து எடுத்துப் போவான். யாராவது இறந்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் முதலில் ஒட்டப்படுவதும் அந்தச் சுவரில்தான். மின்கட்டண உயர்வை எதிர்த்து 2023 செப்டம்பர் 25-ல் பட்டறைகளை அடைத்தோமே, அன்று மாஸ்டருக்கு மட்டும்தான் ஓவர்டைம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த முனைக்கடை காலியானது. வாடகை கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். இப்போது அங்கே கண்ணாடிக் கதவு, ஏசி, காபி 160 ரூபாய். வாசலில் நிற்கும் பையன் நல்ல பையன், யாரையும் போகச் சொல்வதில்லை. ஆனால் கிரீஸ் கையோடு அந்தக் கதவை யார் தள்ளுவார்? ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். இப்போது எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில். போன மாதம் ஒரு தம்பி 'அவசரம், லேத்து வேணும்' என்று போட்டார். பதினொரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவரும் மெஷின் தரவில்லை. (நானும் அந்தப் பதினொருவரில் ஒருவன். என் லேத்தை விற்று நாளாகிவிட்டது.)

அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரில் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் வந்தது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அதில் போகிறவர் கண்ணுக்குக் கீழே இருக்கிற பேக்கரி தெரியாது. கட்டுரையாளரும் மேலேயே போய்விட்டார் போலிருக்கிறது.

அடுத்த முறை அவரை ஒரு காலை பத்தரைக்கு ஆவாரம்பாளையம் அனுப்பி வையுங்கள். இரண்டு மூன்று பேக்கரி இன்னும் மிச்சம் இருக்கிறது. டீக்கு நான் கொடுத்துக்கொள்கிறேன். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டு வர வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர்,
ஆவாரம்பாளையம், கோவை.