ஐந்து மணிக்குப் பூட்டாதீர்கள்: கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

சமுதாய வானொலி உரிமம் பெற்றிருக்கும் கல்லூரிகளின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்களுடையதைப் போன்ற ஒரு வளாக வானொலியில் சம்பளமில்லாமல் பாட்டுப் போடுகிறவன் நான். எந்த நிலையம் என்பது வேண்டாம். ஒரு கல்லூரியோடு முடிகிற விஷயமில்லை இது. கேட்பது ஒன்றுதான். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டும்போது ஒலிபரப்பு அறையையும் சேர்த்துப் பூட்டாதீர்கள்.

பூட்டினாலும் ஒலிபரப்பு நிற்பதில்லையே என்பீர்கள். உண்மைதான். கணினியில் அடுக்கிவைத்த பாடல்கள் இரவு வரை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நடுநடுவே முன்பே பதிவு செய்த என் குரலும் வருகிறது. வெளியே மழை கொட்டுகிறது, தெருவெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். "வெயிலுக்கு இதமாக ஒரு பாடல்" என்கிறேன் நான். வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கே அலைவரிசையை மாற்றத் தோன்றியது.

நம்மிடம் இருப்பது 100 வாட் திறன், 30 மீட்டருக்கு மிகாத கோபுரம். சமதரையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் அதிகம். அந்த வட்டத்துக்குள் யார் நம்மைக் கேட்கிறார்கள் என்று ஒருநாள் நடந்து பார்த்தால் தெரியும். இஸ்திரி வண்டிக்காரர், ஏ.டி.எம். காவலாளி, பட்டன் போனில் இயர்போன் கம்பியையே ஏரியலாக்கிக்கொண்டு சமையல் செய்யும் அம்மாக்கள். இவர்களுக்குக் காது ஓய்வாக இருப்பது ஆறு மணிக்குப் பிறகுதான். அவர்கள் போன் செய்து பாட்டுக் கேட்கும் நேரத்தில் நம் தொலைபேசி பூட்டிய அறைக்குள் அடித்துக்கொண்டிருக்கிறது.

செய்தி சொல்ல நமக்கு அனுமதி இல்லை. ஆகாசவாணி செய்தியை அப்படியே மறுஒலிபரப்புச் செய்யலாம், அவ்வளவுதான். மிச்சம் இருப்பது பாட்டும் பேச்சும். அதையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் உரிமம் எதற்கு?

இன்னொன்று. எங்கள் பகுதியில் ஒரு பாட்டி நடவுப் பாட்டுப் பாடுவார். நிலையத்துக்கு அழைத்து வந்தோம். ஏசி குளிர், சுவரெல்லாம் பஞ்சு, எதிரே கண்ணாடி. இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. "பின்பாட்டுக்கு ஆளில்லாமல் எப்படியப்பா பாடுவது?" என்று எழுந்துவிட்டார். பிறகு ஓர் இரவு அவர் வீட்டுத் திண்ணையிலேயே ஒலிவாங்கியை வைத்தோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் குலவையிட, நிறுத்தச் சொல்லும்வரை பாடினார். இடையே எங்கோ மிக்சி ஓடும் சத்தமும் விழுந்திருக்கிறது. தரம் குறைவு என்று நிகழ்ச்சிக்குழு அதைத் திருப்பி அனுப்பியது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்களிப்போடு உருவாக வேண்டும் என்று சொல்லும் விதிகளில் மிக்சிக்குத் தடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தனியார் பண்பலையைப் போலத் துள்ளிப் பேசு என்று மாணவர்களைப் பழக்குவதைவிட இந்தத் திண்ணைக்கு அனுப்பினால் அவர்கள் தொழிலும் கற்றுக்கொள்வார்கள்.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. அதன் பிறகு சமுதாய வானொலிக்கான கதவு முதலில் திறந்தது கல்வி நிறுவனங்களுக்குத்தான். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எப்.எம். தொடங்கிவிட்டது, தொண்டு நிறுவனங்கள் 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்தவர்களைப் பாருங்கள். பாம்பனில் 'கடல் ஓசை' வானொலி மீனவர்களுக்காகவே பேசுகிறது. தெலங்கானாவின் மச்னூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ 2008 முதல் இயங்குகிறது. அவர்கள் ஒலிபரப்புக்குத் தேர்ந்தெடுத்த நேரம் எது தெரியுமா? வயல் வேலை முடிந்த பிறகான மாலை.

செலவு என்பீர்கள். மின்கட்டணம், இரவுக் காவல், எல்லாம் புரிகிறது. ஆனால் மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரத்தை 12 நிமிடமாக உயர்த்தியாயிற்று. அரசு விளம்பரக் கட்டணமும் பத்து வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆகியிருக்கிறது. கேட்க ஆள் இருக்கும் நேரத்தில் நிலையம் உயிரோடு இருந்தால்தான் தெருமுனை மாவு மில்காரர்கூட விளம்பரம் தருவார்.

எல்லா நாளும் கேட்கவில்லை. முதலில் வாரத்துக்கு மூன்று மாலை, ஆறு முதல் ஒன்பது வரை நேரலைக்குத் திறந்துவிடுங்கள். செமஸ்டர் விடுமுறையிலும் அது தொடரட்டும். ஒரு மாணவர், ஓர் ஊர்க்காரர் என இருவர் இருந்தால் போதும். சாவியைக் காவலாளி அறையில் கையெழுத்துப் போட்டு வாங்கி, அங்கேயே ஒப்படைக்கிறோம். அதற்கான பதிவேட்டைக்கூட நாங்களே வாங்கித் தருகிறோம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாலையில் பாட்டுப் போடக் காத்திருக்கும் ஒரு தன்னார்வலன்