எட்டு மாதமாகியும் பழகவில்லை என்கிற தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

"எட்டு மாசம் ஆச்சுக்கா, இன்னும் பழகல, எனக்கு இதெல்லாம் வராது போல" என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் நாலு தடவை "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். புது நாட்டில் இதே நிலையில் இருக்கிற வேறு யாராவது படித்தாலும் நல்லதுதான் என்று நீயும் சம்மதித்ததால் பொதுவிலேயே போடுகிறேன்.

முதலில் அந்த எட்டு மாதக் கணக்கு. புது நாட்டுக்குப் போனால் ஆரம்பத்தில் எல்லாம் அழகாகத் தெரியும், அப்புறம் கொஞ்ச காலம் எல்லாமே எரிச்சலாகும், பிறகு தானாகச் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, அதற்கு ஒரு பழைய ஆய்வு ஆதாரம். அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பிய சுமார் 200 நார்வேக்காரர்களைப் பேட்டி எடுத்து, ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர் 1955இல் ஒரு கட்டுரை எழுதினார். 6 மாதத்துக்குள் திரும்பியவர்களும் 18 மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், இடைப்பட்ட காலம் தங்கியவர்கள்தான் திண்டாடினார்கள் என்பது அவர் கண்டது. அந்தக் கணக்கின்படி பார்த்தால்கூட நீ இப்போது திண்டாட வேண்டிய நேரத்தில்தான் திண்டாடுகிறாய். ஆனால் ஒரே ஆளைத் தொடர்ந்து கவனித்து வந்த கணக்கு இல்லை அது, வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டது. 1998இல் காலின் வார்டும் அவருடன் சேர்ந்தவர்களும் நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பான் மாணவர்களை வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தபோது, மனக்கஷ்டம் வந்த புதிதில்தான் அதிகம் என்று தெரிந்தது. ஆரம்ப சந்தோஷம் என்று சொல்லப்பட்டதையே அங்கே காணோம். ஆகவே இத்தனையாவது மாதத்தில் இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை கிடையாது. நீ எதிலும் பின்தங்கவில்லை.

அடுத்தது, "ஒண்ணுமே பண்ணாத நாள்லகூட ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றாயே, அது. கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1954இல் ரியோ டி ஜெனிரோவில், வெளிநாட்டிலிருந்து வந்து குடியிருந்த பெண்களின் சங்கமொன்றில் இதைப் பற்றித்தான் பேசினார். கலாசார அதிர்ச்சி என்ற பேச்சு பரவலானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மனிதர்களோடு பழகும்போது நம்மை அறியாமலே நாம் நம்பியிருக்கிற சின்னச் சின்ன அடையாளங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் காணாமல் போவதால் வருகிற பதற்றம் அது என்றார். எப்போது கை கொடுப்பது, எந்த அழைப்பை ஏற்பது, எதை மறுப்பது, ஒருவர் சொன்னதை நிஜமாக எடுத்துக்கொள்வதா இல்லை மரியாதைக்குச் சொன்னதாக விட்டுவிடுவதா, இப்படி. யோசித்துப் பார், நீ பிறந்து வளர்ந்த இடத்தில் இதில் ஒன்றையாவது யோசித்துச் செய்திருப்பாயா? இப்போது லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் சிரிப்பதா வேண்டாமா என்பதைக்கூட நீ முடிவெடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. கார் ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் வாரத்தில் கிளட்ச், பிரேக், கண்ணாடி, பின்னால் வருகிற வண்டி என்று ஒவ்வொன்றையும் மனதால் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட்டினோமே, அதே அலுப்புதான் இது. உன் மனம் பலவீனமாக இருப்பதற்கு அடையாளம் இல்லை, தம்பி. நாள் முழுக்க அது வேலை செய்கிறது.

அந்த அலுப்பில் இருக்கும்போதுதான் மனிதர்களைப் பற்றித் தீர்ப்பு எழுதத் தோன்றும், "இங்க எல்லாரும் சிரிக்கிறது மேலோட்டம்தான்க்கா, ஒருத்தருக்கும் மனசு இல்ல" என்று நீ எழுதியது மாதிரி. இங்கேதான் உன்னோடு எனக்குச் சண்டை.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் மனிதர்கள் எவ்வளவு தள்ளி நின்று பேசுகிறார்கள் என்பதை அளந்து பார்த்தவர். அவர் கவனித்த அமெரிக்கர்களிடம், சுமார் 45 சென்டிமீட்டருக்குள் வருவது மிக நெருக்கமானவர்களுக்கு மட்டும். நண்பர்களுக்கு அதற்கு அப்பால் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் வரை. இது எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். இப்போது, நெருங்கி நின்று பேசிப் பழகிய ஒருவரும் தள்ளி நின்று பழகிய ஒருவரும் சந்திக்கிறார்கள் என்று வை. இவர் ஒரு அடி முன்னால் வைக்க, அவர் ஒரு அடி பின்னால் வைப்பார். பேசி முடிக்கும்போது, இவர் "என்ன மனுஷன், ஒட்டவே மாட்டேங்கிறான்" என்று நினைப்பார், அவர் "என்ன இப்படி மேலே வந்து விழுகிறான்" என்று நினைப்பார். இரண்டு பேருமே தப்பு செய்யவில்லை, இரண்டு பேருமே அடுத்தவர் குணத்தை எடை போட்டுவிட்டார்கள். உன் மேனேஜர் "இந்த ரிப்போர்ட் சரியில்லை, மாற்றி எழுது" என்று நேராகச் சொன்னதற்கு நீ இரண்டு நாள் தூங்கவில்லை. குறிப்பால் சொல்லியே பழகிய இடத்திலிருந்து போனவனுக்கு அந்த வாக்கியம் அறைந்த மாதிரிதான் இருக்கும். வெளிப்படையாகப் பேசுகிற இடங்களில் பல சமயம் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வேறு ஒன்றும் இருக்காது. ரிப்போர்ட் சரியில்லை, அவ்வளவுதான், உன்னைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடு. "எதை மாற்ற வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் விளக்க முடியுமா" என்று கேட்பதை அங்கே யாரும் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்து உருப்படியான வழி, இதைக் குணமாகப் பார்க்காமல் கற்றுக்கொள்கிற விஷயமாகப் பார்ப்பதுதான். ஃபர்ன்ஹாம், போக்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். மனதுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்குப் பதிலாக, எந்தெந்தச் சந்தர்ப்பம் கஷ்டமாக இருக்கிறது என்று இங்கிலாந்தில் படித்த வெளிநாட்டு மாணவர்களிடம் கேட்டு 1982இல் எழுதினார்கள். தன் வயதுக்காரர்களை நண்பர்களாக்கிக்கொள்வது அந்தக் கஷ்டங்களில் முன்னால் நின்றது. நீயும் அப்படிக் குறித்துப் பார். "இந்த நாடு பிடிக்கவில்லை" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "மீட்டிங்கில் எப்போது இடைமறித்துப் பேசலாம் என்று தெரியவில்லை" என்றால் அதைக் கவனித்துக் கற்றுக்கொள்ளலாம், அலுவலகத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்லித்தருவார்கள், தங்கள் வழக்கத்தைப் பற்றி ஒருவர் ஆர்வமாகக் கேட்பது யாருக்கும் பிடிக்கும்.

நம்மவர்களோடு சேர்ந்தால் எதுவும் பழகாது என்று ஒதுங்கியிருக்கிறாயாமே. வேண்டாம். அதே போக்னர் வேறொரு இடத்தில் சொன்னார்: வெளிநாட்டு மாணவர்களுக்கு மூன்று வகை நட்பு இருக்கிறது, ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை செய்கிறது என்று. சொந்த நாட்டுக்காரர்களிடம் மனம் ஆறும், உள்ளூர்க்காரர்களிடம் காரியம் நடக்கும், வழியும் தெரியும், உன்னைப் போலவே வேறு எங்கிருந்தோ வந்தவர்களோடு பொழுது நன்றாகப் போகும். ஒன்றை வெட்டிவிட்டால் அதன் பாரம் மற்ற இரண்டின் மேல் விழும். ஜான் பெர்ரி என்ற உளவியலாளரும், அவரைப் பின்பற்றிய பலரும், தன்னுடையதை விட்டுவிடாமல் புதிய சமூகத்திலும் சேர்ந்துகொள்கிறவர்கள் பொதுவாக நன்றாகத் தேறுகிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். அதற்கு அந்தச் சமூகமும் கதவைத் திறக்க வேண்டும், அது உன் கையில் மட்டும் இல்லை.

அதனால் ஒன்றை அழுத்தியே சொல்கிறேன். யாராவது உன் நிறத்தையோ பேரையோ உச்சரிப்பையோ வைத்து உன்னை மட்டம் தட்டினால், அதைக் கலாசார வித்தியாசம் என்று பெரிய மனது பண்ணி விழுங்காதே. அதற்குப் பெயர் பாகுபாடு. தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள், புகார் கொடுக்கிற வழி என்ன என்று விசாரி. பழகிக்கொள்ள வேண்டியவற்றின் பட்டியலில் அது ஒருநாளும் வராது. அதேபோலத் தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால், "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று தள்ளாமல் டாக்டரைப் பார்த்துவிடு.

லீவில் வீட்டுக்கு வந்தால் எல்லாம் பழையபடி இருக்கும் என்றும் ரொம்ப எதிர்பார்க்காதே. திரும்பி வருகிறவர்களுக்கும் இதே தடுமாற்றம் வரும் என்று 1963இலேயே எழுதிவிட்டார்கள். அப்போது எங்கள் மேல் எரிச்சல் வந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், அதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அப்புறம், அம்மாவிடம் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைக்காதே. அம்மாவுக்கு அது பொய் என்று முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடுகிறது, பிறகு ராத்திரி முழுக்க என்னைக் கேள்வி கேட்கிறார். யாரோடு பேசினாய், எது புரியவில்லை, எதற்கு முழித்தாய், எது எதிர்பாராமல் நன்றாக இருந்தது, அதைச் சொல்லு. எனக்கு எந்த நேரமானாலும் போடு, முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அக்கா