கத்திக்கு முன் ஒரு குழாய்

கத்ர் போர்ன், மொரீசியஸ்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி ஆத்திசூடி ஒப்பித்த கதை கொஞ்சம், மீதியெல்லாம் உன் வயிற்றுக் கதை. பேத்திக்கு என் ஆசிகளைச் சொல். ஆத்திசூடியில் அவள் எங்கே தடுமாறினாள் என்று நீ எழுதவில்லை; நம் காலத்தில் எல்லோரும் 'ங'வில்தான் நிற்போம்.

இனி வயிறு. "மாத்திரை துளியும் கேட்கவில்லை, அதனால் நீ செய்துகொண்ட அதே அறுவையைச் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன்" என்கிறாய். உண்டது மேலேறி வரும் எதுக்களிப்புக்கான அந்த அறுவை எனக்கு நல்லபடியாக முடிந்ததால் நான் உடனே தலையாட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். ஆட்டமாட்டேன். எனக்கும் உனக்கும் இருப்பது ஒரே நோய்தானா என்பதே இன்னும் தெரியவில்லை.

எனக்கு ஒமெப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை நன்றாகவே கேட்டது. நெஞ்செரிச்சல் அடங்கியது. அடங்காதது எதுக்களிப்பு. கீரைப் பாத்தியில் குனிந்தால் காலையில் தின்ற காத்தோ பிமான், அதாவது எங்கள் ஊர் மிளகாய் வடை, தொண்டைக்கு வரும். இரவில் படுத்தால் புளித்த நீர் வாய்வரை ஏறி இருமி எழுவேன். கட்டிலின் தலைமாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினோம். என் மனைவிதான் பாவம், சறுக்கிச் சறுக்கித் தூங்கினாள். மாத்திரை அமிலம் சுரப்பதைக் குறைக்குமே தவிர, மூடாமல் கிடக்கும் இரைப்பையின் வாயை மூடாது. பரிசோதித்தபோது என் இரைப்பையின் மேல்பகுதி, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் துளை வழியே மார்புக்குள் ஏறியிருந்தது. அதை எந்த மாத்திரையும் கீழே இறக்காது. ஆகவே அறுவை.

அப்போது மருத்துவர் சொன்ன ஒரு செய்தி எனக்கு விசித்திரமாகப் பட்டது. மாத்திரை கேட்கிறவர்களுக்குத்தான் இந்த அறுவையும் நன்றாகக் கைகொடுக்குமாம். மாத்திரைக்கு அசையாத தொல்லை என்றால், அது அமிலத்தால் வந்ததா என்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டுமாம். உன் கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். ஓயாத ஏப்பம், உப்புசம், நாலு வாய் தின்றாலே வயிறு திம்மென்று நிற்பது; எரிச்சலைப் பற்றி ஒரு வரி, எதுக்களிப்பைப் பற்றி ஒன்றுமே இல்லை. நண்பா, நீ எழுதிய இந்தத் தொல்லைகள் அறுவையால் கூடக்கூடியவை.

ஏன் என்று புரிய, அதில் என்ன செய்கிறார்கள் என்பதைக் கேள். முழு மயக்கம் கொடுத்து, வயிற்றில் வழக்கமாக ஐந்து சிறு துளைகள் போட்டு, கரியமில வாயுவை ஏற்றி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். ஒரு துளையில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். மேலே ஏறிய இரைப்பையைக் கீழே இழுத்து, விரிந்த உதரவிதானத் துளையைத் தைத்துச் சிறிதாக்கி, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் கீழ்முனையில் கழுத்துக்குத் துண்டு சுற்றுவதுபோல் சுற்றித் தைத்துவிடுகிறார்கள். முழுச் சுற்று சுற்றினால் அது நிஸ்ஸன் முறை. முக்கால் சுற்றோடு நிறுத்தினால் தூப்பே முறை. அதில் விழுங்கும் சிரமமும் வாயுத் தொல்லையும் குறைவு. எனக்குச் செய்தது இரண்டாவது.

ருடால்ஃப் நிஸ்ஸன் ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு இஸ்தான்புல்லுக்குப் போன யூத மருத்துவர். 1955-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இந்த முறையைச் செய்தார். அதற்கு முன்பே, 1948-இல், ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்து, வீங்கியிருந்த பெருந்தமனியைச் செலோஃபேன் தாளால் சுற்றியவரும் இவரே. மனிதருக்குச் சுற்றிக் கட்டுவதில் ஒரு மோகம் போலும்! துளை வழியே இதைச் செய்யத் தொடங்கியது பெல்ஜியத்தில். 1991-இல் தல்மாஞ் என்பவர் வெளியிட்டார். நாம் சிதம்பரத்து விடுதியில் இருந்த காலத்தில் யாருக்காவது இதைச் செய்திருந்தால் வயிற்றை நீளமாகக் கீறித்தான் செய்திருப்பார்கள்.

சுற்றிக் கட்டியபின் கீழிருந்து எதுவும் எளிதில் மேலே வராது. எதுவும் என்றால் ஏப்பமும் சேர்த்துத்தான். வாந்தி எடுப்பதும் கடினம். மேலே போக வழியில்லாத காற்று எந்த வழியாகப் போகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் பஜனையில் நான் இப்போது கதவோரம் உட்காருகிறேன். முதல் சில நாட்கள் தோள்பட்டை வலித்தது. வயிற்றில் அறுவை செய்துகொண்டவனுக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று குழம்பினேன். ஏற்றிய வாயு உதரவிதானத்தை உறுத்த, அந்த வலி தோளில் தெரியுமாம். பிறகு பல வாரங்கள் கஞ்சி, மசித்த பூசணி, தயிர். ரொட்டி கூடாது, நார் நிறைந்த இறைச்சி கூடாது, சோடா கூடவே கூடாது. வருடப் பிறப்பன்று வீடே வாழை இலை போட்டு ஏழு கறி சாப்பிட்டது, நான் ரசத்தைக் கரண்டியால் குடித்தேன். இப்போது எல்லாம் தின்கிறேன், மெதுவாக. தலைமாட்டுச் செங்கல் தோட்டத்துக்குப் போய்விட்டது.

2011-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வைத் தேடிப் படித்தேன். மாத்திரைக்குக் கட்டுப்பட்டவர்களை மட்டும் எடுத்து, ஒரு பிரிவினருக்கு இந்தத் துளை அறுவை செய்தார்கள், மற்றவர்களுக்கு ஒமெப்ரசோல் வகையைச் சேர்ந்த எசோமெப்ரசோல் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாண்டு முடிவில் நோய் அடங்கியிருந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 92 சதவீதம், அறுவைப் பிரிவில் 85. அறுவை வெல்லவில்லை பார். ஆனால் எதுக்களிப்பு மாத்திரைப் பிரிவில் 13 சதவீதம், அறுவைப் பிரிவில் 2 மட்டுமே. உப்புசமோ தலைகீழ்: மாத்திரைப் பிரிவில் 28, அறுவைப் பிரிவில் 40. எனக்கு இந்தப் பேரம் லாபம். ஏற்கெனவே உப்புசத்தால் அவதிப்படும் உனக்கு?

ஆகவே கத்திக்கு முன் குழாய். வாய்வழியே கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி மட்டும் போதாது. மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டு, அமிலம் எவ்வளவு நேரம் மேலே ஏறி நிற்கிறது என்று 24 மணி நேரம் அளக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. பெரும்பாலும் ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். இன்னொன்று உணவுக்குழாயின் அழுத்தத்தை அளப்பது. இதைக் கட்டாயம் கேள். அக்கலேசியா என்று ஒரு நோய் உண்டு. உணவுக்குழாயின் கீழ்வாய் சரியாகத் திறக்காது, தேங்கிய உணவு மேலே வருவதைப் பார்த்து எதுக்களிப்பு என்றே நினைப்பார்கள். அந்த வாயை மேலும் இறுக்கிக் கட்டினால் தண்ணீர்கூட இறங்காது. குழாய் மூக்கில் இறங்கும்போது கண்ணில் நீர் வரும், குமட்டும். பல்லைக் கடித்துக்கொள், குழாயை இறக்குவது சிறிது நேரத்தில் முடிந்துவிடும்.

அங்கே டர்பனில் உன் மெடிக்கல் எய்ட் காப்பீடு இந்தப் பரிசோதனைகளுக்கும் பணம் தருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. அமிலம் உண்மையிலேயே ஏறுகிறது என்று தெரிந்தால், இதே அறுவையை நிறையச் செய்தவரைத் தேடிப் போ. இல்லை என்று வந்தால் உன் மருத்துவர் வேறு காரணத்தைத் தேடட்டும், உன் இரைப்பை இருந்தபடி இருக்கட்டும்.

இங்கே எல்லோரும் நலம். மகன் வீடு கட்டுகிறான். சிமெண்ட் விலையைப் பற்றி என்னைப் பேச வைக்காதே. அடுத்த தைப்பூசத்துக்கு வருகிறேன் என்றாய். அறுவைதான் என்று முடிவானால், அதைத் திரும்பிப் போனபின் வைத்துக்கொள். தையல் ஆறும்வரை கனம் தூக்க விடமாட்டார்கள், காவடியைத் தோளில் வைப்பதை நினைக்கவே முடியாது. வரும்போது விக்டோரியா தெருச் சந்தையிலிருந்து அந்தக் காரமான மசாலாத் தூள் ஒரு பொட்டலம் வாங்கி வா. எனக்கு இப்போது ஒத்துக்கொள்கிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்