டியூபாவுக்கு ஸ்டாண்டு, அதற்கு முன் நாற்காலி

சேலம்,
ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஏற்காட்டில் மழை விழுந்து காபி பூத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். சேலத்தில் இப்போதே வெயில் கொளுத்துகிறது. மே மாதக் கோடை விழாவுக்கு உங்கள் பேண்டில், மடியில் வைத்து ஊதும் அந்தப் பெரிய பித்தளை வாத்தியம், டியூபா, இரண்டு இறங்குகிறது என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். டிரம்பெட்டுக்குப் பத்துப் பேர் வருவார்கள், அடிக்குரலைத் தாங்க ஆள் அமைவது அபூர்வம். அந்த இரண்டு பேரின் கழுத்தையும் முதுகையும் நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

உட்கார்ந்து ஊதும்போது டியூபாவின் எடையைத் தாங்கும் ஸ்டாண்டு பற்றிக் கேட்டாய். முதலில் நாற்காலியைச் சரிசெய். பந்தல்காரர் கொண்டுவரும் பிளாஸ்டிக் நாற்காலி ஆகவே ஆகாது. அதன் கைப்பிடி வாத்தியத்தில் இடிக்கும். இருக்கை பின்பக்கம் சரிந்திருப்பதால் இடுப்பு உள்ளே போய் வயிறு மடங்கும், மூச்சு பாதியிலேயே நின்றுவிடும். கை இல்லாத, இருக்கை மட்டமான இரும்பு நாற்காலி எடு. உயரம் 43 செ.மீ. அளவில் இருக்கட்டும். கொஞ்சம் சரிவாக இருந்தால் பின்கால் இரண்டுக்கும் கீழே 2 செ.மீ. பலகைத் துண்டு கொடு. மடக்கு நாற்காலி என்றால் முதலில் உட்கார்ந்து ஆட்டிப் பார். நாற்காலி ஆடினால் ஊதுவாய் உதட்டில் இடிக்கும்.

ஸ்டாண்டு ஏன் தேவை என்பது கணக்குப் போட்டால் புரியும். ஐந்தரை அடி ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து வாய் ஏறக்குறைய 70 செ.மீ. மேலே இருக்கும், அதாவது தரையிலிருந்து 113. டியூபாவின் அடிவளைவிலிருந்து (கீழே வளைந்திருக்கும் குழாய்) ஊதுவாய் வரை 63 செ.மீ. என்று வைத்துக்கொள். அப்படியானால் அடி நிற்க வேண்டிய உயரம் 50. இருக்கையில் வைத்தால் 43, தொடைமேல் வைத்தால் 56. ஒன்றில் குனிய வேண்டும், மற்றதில் கழுத்தை நீட்ட வேண்டும். சின்னப் பையனுக்கு அந்த 50 என்பது 42க்கு இறங்கிவிடும். வாத்தியம் வாயைத் தேடி வர வேண்டும், வாய் வாத்தியத்தைத் தேடிப் போகக் கூடாது.

ஆகவே 36 முதல் 56 செ.மீ. வரை ஏறி இறங்கும் மூன்று கால் ஸ்டாண்டு போதும். வெளியூரிலிருந்து தருவிக்காமல் சேலத்திலேயே ஒரு லேத் பட்டறையில் செய்துவிடலாம். வெளிக்குழாய் 1 இஞ்ச், 16 கேஜ் (குழாய்ச் சுவரின் தடிமன் சுமார் 1.6 மி.மீ.). உள்குழாய் முக்கால் இஞ்ச். இரண்டுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விழும், அதை அப்படியே விட்டால் லொடலொடவென்று ஆடும். அதை அடைக்க நைலான் புஷ், அதாவது ஒரு வளையம், கடைந்து போடச் சொல். குழாயை இறுக்கும் திருகு ஒன்றை மட்டும் நம்பாதே. ஒன்பது பத்து கிலோ வாத்தியம், ஊதும் அதிர்வில் திருகு தளர்ந்து மெல்ல இறங்கும். 2 செ.மீ.க்கு ஒரு துளை, குறுக்கே 6 மி.மீ. பின். எடையைப் பின் தாங்கட்டும், திருகு ஆட்டத்தை நிறுத்தினால் போதும். உள்குழாயை 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடு, செலவானாலும் பரவாயில்லை. ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்குச் சாதா இரும்பு ஒரே மழைக்காலத்தில் துருவேறி இறுகிவிடும்.

மேலே யூ வடிவத் தாங்கி வேண்டும். அடிவளைவின் அகலத்தை அளந்து இரு பக்கமும் 1 செ.மீ. கூட்டி வை. உள்ளே கம்பளித் துணி ஒட்டு. ரப்பர் வேண்டாம், வெயிலில் இளகி வாத்தியத்தின் லாக்கர் பூச்சில் கறை பிடிக்கும். ஊதும்போது உள்ளே சேரும் தண்ணீரை வெளியே விடும் சாவி தாங்கிக்குள் மறையாமல் இருக்கிறதா என்று வாத்தியத்தை வைத்துப் பார்த்தபிறகே வெல்டிங் வைக்கச் சொல். இதைக் கவனிக்காமல் விட்டால் பாட்டுக்கு நடுவே குடகுடவென்று சத்தம் வரும்.

மூன்று கால் ஸ்டாண்டு எப்போதும் இரண்டு கால்களுக்கு நடுப்பக்கமாகத்தான் கவிழும். கால் 30 செ.மீ. நீளம் என்றாலும் அந்தப் பக்கம் பிடிமானம் 15 தான். அதனால் ஒரு கால் நேர் முன்னால் நீட்டியிருக்கும்படி வை, பின்பக்கம் நெஞ்சு தாங்கிக்கொள்ளும். ஊதாத நேரத்தில் இதே ஸ்டாண்டில் தனியாக நிறுத்திவிட்டு யாரும் எழுந்து போகக் கூடாது. ஏரிப் பக்கம் மேடை என்றால் காற்று டியூபாவின் அரை மீட்டர் அகலப் புனல் வாயைப் பிடித்து ஒரே தள்ளில் சாய்த்துவிடும். ஜமுக்காளம் விரித்து, வால்வு அடியில் படாதபடி படுக்க வைப்பதே நல்லது.

ஸ்டாண்டை டியூபாப் பெட்டிக்குள் போட்டு பஸ்ஸில் ஏற்றிவிடாதே. இருபது கொண்டை ஊசி வளைவிலும் அது உருண்டு இடித்து வாத்தியத்தை நசுக்கும். தனிச் சாக்குப் பை போதும்.

இரண்டு பேரையும் நிமிர்த்தி உட்காரவைத்து, தரையிலிருந்து வாய் வரை டேப் பிடித்து அளவு அனுப்பு. அடிவளைவு அகலத்தையும் மறக்காமல் எழுது. வந்ததும் பட்டறையில் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்