சாலைப் பராமரிப்பு ஒப்பந்தம்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் சாலையின் ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து, இறுதி அளவீடும் எடுத்தாகிவிட்டது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைத் தனியே இணைத்திருக்கிறோம். வேலை எப்படி நடந்தது என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

பழைய முறையில் எவ்வளவு ஜல்லி, எவ்வளவு தார் என்று அளந்து பில் போடுவோம். குழி கூடினால் பில்லும் கூடும். ஒப்பந்ததாரருக்கு அதில் நஷ்டமே இல்லை. இந்த முறையில் சாலை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்து, அந்த நிலைக்குத்தான் மாதத் தொகை. எதைப் போட்டு எப்படிச் சரிசெய்வது என்பது அவர் பாடு. 1988-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கி, 1990களில் அர்ஜென்டினா, உருகுவே என்று வந்த வழி இது. அர்ஜென்டினாவில் சீரமைப்பையும் பராமரிப்பையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டினார்கள். பின்னால் தன் கைக்காசில்தான் ஒட்டுப்போட வேண்டும் என்று தெரிந்தவர் அடித்தளத்தை அரைகுறையாக விடமாட்டார் அல்லவா? நாம் எடுத்துக்கொண்டதும் அதைத்தான். 'நல்ல தார்ச்சாலைக்குத்தான் இது சரிப்படும்' என்று சிலர் சொன்னார்கள். 2001-ல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் தார் போடாத சாலைகளுக்கே இப்படி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

முதல் ஆண்டு முழுக்கச் சண்டைதான். குழியை 48 மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. சரி, எது குழி? ஒப்பந்ததாரரின் ஆட்கள் 'இது வெறும் உரிசல், மேலே கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்' என்பார்கள். நாம் சாலையின் குறுக்கே நேர்கோலை வைத்து, அடியில் அளவுகோலை நுழைத்து ஆழத்தைக் காட்டுவோம். நிபந்தனை தவறியதற்காக மாதத் தொகையில் முதல் பிடித்தம் விழுந்த பிறகு பேச்சு குறைந்தது. ஆனால் ஒன்று: மாதத் தொகையை நாம் தாமதப்படுத்தினால் பிடித்தம் செய்ய நமக்கு வாய் இருக்காது. அதனால் அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடவில்லை.

மாற்றம் கண்ணில் பட்டது வடிகாலில். மழைக்கு முன்பே, யாரும் சொல்லாமல், ஒப்பந்ததாரரின் ஆட்கள் மண்வெட்டியோடு வந்து சிறுபாலங்களின் வாயில் அடைத்துக் கிடந்த மண்ணையும் சருகையும் வாரிப் போட்டார்கள். தண்ணீர் தேங்கினால் அடித்தளம் இளகும், அப்புறம் அவருக்குத்தான் செலவு. பழைய ஒப்பந்தத்தில் இதே வேலைக்கு நாம் எத்தனை கடிதம் எழுதியிருப்போம்!

வெள்ளத்தில் கரை அரித்துப்போனதை அவர் தலையில் கட்டவில்லை. அதை அவசரப் பணியாக, தனி விலைவீதத்தில் கொடுத்தோம். அளவுக்கு மீறிய பாரத்தோடு வந்த லாரிகள் விஷயம் தீரவில்லை. அவற்றைத் தடுக்க ஒப்பந்ததாரருக்கு அதிகாரம் இல்லை. சேதம் மட்டும் அவர் கணக்கில். அவர் முறையிட்டதில் நியாயம் இருந்தது.

கடைசி ஆண்டில் எதிர்பார்த்தபடியே ஒப்பந்ததாரரின் கை தளர்ந்தது. ஒப்படைக்கும்போது மேடுபள்ளம் எவ்வளவு இருக்கலாம் என்று முதலிலேயே எழுதியிருந்ததால் தப்பித்தோம். இறுதி அளவீட்டில் கடைசிப் பகுதி வரம்பைத் தாண்டியது. அங்கே மேல்தளம் புதிதாகப் போட்ட பிறகே பிடித்து வைத்திருந்த தொகையை விடுவித்தோம்.

அடுத்த ஒப்பந்தத்தின் வரைவைப் பொதுக்குழுவில் வைக்கிறோம். லாரிப் பாரம் பற்றிய பிரிவு அதில் புதிது. அதைப் படித்துவிட்டு வந்தால் கூட்டம் சீக்கிரம் முடியும்.

இப்படிக்கு,
சாலைப் பராமரிப்புக் குழு