ஓய்வு இரண்டு வகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் என்பிஏ லீக் கூடைப்பந்து அணிகள் தங்கள் முன்னணி ஆட்டக்காரர்களுக்கு இடையிடையே ஓய்வு கொடுப்பது, பணம் செலவழித்து அரங்குக்கு வரும் ரசிகர்களை ஏமாற்றும் வேலை என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளரின் ஆதங்கம் நியாயமானதே. ஆனால், ஓர் ஆட்டத்துக்கு வராமலே இருப்பதையும், வந்து குறைந்த நேரம் ஆடுவதையும் அவர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார். இரண்டும் வேறு வேறு என்பதற்கு, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் 2013-14 சீசனைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்த சீசனைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதற்கு முந்தைய ஜூன் மாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நான்கு ஆட்டங்களில் முதலில் வெல்பவருக்கே கோப்பை என்ற 2013 இறுதிச் சுற்றில், மியாமி ஹீட் அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், அரை நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிச்சமிருந்தபோது ஸ்பர்ஸ் ஐந்து புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. கோப்பை வழங்கும் சடங்குக்காக அரங்க ஊழியர்கள் ஆடுகளத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள். வித்தியாசம் மூன்று புள்ளியாகக் குறைந்த பிறகு, மியாமியின் லெப்ரான் ஜேம்ஸ் எறிந்து தவறிய பந்தை கிறிஸ் போஷ் தாவிப் பிடித்துக் கொடுக்க, பின்காலடி வைத்தபடியே மூலைக்குப் போய் ரே ஆலன் எறிந்த மூன்று புள்ளி வீச்சு, 5.2 வினாடி மிச்சமிருக்கையில் வளையத்துக்குள் விழுந்து ஆட்டத்தைச் சமனாக்கியது. கூடுதல் நேரத்தில் அந்த ஆட்டத்தையும், அடுத்த ஆட்டத்தில் கோப்பையையும் மியாமி தட்டிச் சென்றது. (பந்து தவறி எழும்பிய அந்தக் கணத்தில் ஸ்பர்ஸின் முன்னணி ஆட்டக்காரர் டிம் டங்கன் வெளியே அமர்த்தப்பட்டிருந்தார் என்பதற்காகப் பயிற்சியாளர் கிரெக் போபோவிச்சை இன்றும் மன்னிக்காதவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.)

இப்படித் தோற்ற ஓர் அணி, 37 வயது டங்கனையும் 36 வயது மனு ஜினோபிலியையும் வைத்துக்கொண்டு மறுபடியும் 82 ஆட்டங்களைத் தொடங்க வேண்டியிருந்தது. போபோவிச் நிமிடங்களைக் கருமியைப் போல எண்ணி எண்ணிச் செலவிட்டார். ஓர் ஆட்டம் 48 நிமிடம். அந்த சீசனின் லீக் ஆட்டங்களில் ஸ்பர்ஸ் அணியின் எந்த ஆட்டக்காரரும் சராசரியாக 30 நிமிடம்கூட ஆடவில்லை. அதிகம் ஆடிய டோனி பார்க்கருக்கே 29.4 நிமிடம்தான், அணியில் அதிகப் புள்ளிகள் எடுத்தவரும் அவரே, அதுவும் ஆட்டத்துக்கு 16.7 மட்டுமே. அந்த அணிதான் 62 ஆட்டங்களில் வென்று, இடையில் தொடர்ச்சியாக 19 வெற்றிகளைக் குவித்து, லீக்கில் முதலிடம் பிடித்தது. இத்தனைக்கும் டங்கன் 74 ஆட்டங்களிலும் பார்க்கர் 68 ஆட்டங்களிலும் களமிறங்கினார்கள். அவர்களைப் பார்க்க வந்த ரசிகர்களில் பெரும்பாலோர் ஏமாந்து திரும்பவில்லை.

கட்டுரையில் விடுபட்டுப்போன இன்னொன்றும் உண்டு. டங்கன் போன்றோர் உட்கார்ந்த நிமிடங்கள் வீணாகவில்லை. அவை ஆஸ்திரேலியாவின் பாட்டி மில்ஸுக்கும், பிரான்ஸின் போரிஸ் டியாவுக்கும், இத்தாலியின் மார்கோ பெலினெல்லிக்கும் போயின. கையில் பந்து வந்தால் அரை வினாடிக்குள் எறி, இல்லையென்றால் அடுத்தவருக்குக் கொடு, இல்லையென்றால் வளையத்தை நோக்கிப் பாய் என்ற போபோவிச்சின் பாடத்தை அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கற்றிருக்க முடியாது. 2014 இறுதிச் சுற்றில் அதே மியாமிக்கு எதிரான ஐந்தாவது ஆட்டம், ஸ்பர்ஸ் 22-6 என்று பின்தங்கி, மோசமாகத்தான் தொடங்கியது. தலைகுனிய வேண்டிய அந்த நிலையில் மாற்று ஆட்டக்காரர்கள் இறங்க, ஆட்டம் மெல்லத் திரும்பியது. மூன்றாவது கால் பகுதியில் மில்ஸ் ஒருவரே அடுத்தடுத்து மூன்று புள்ளி வீச்சுகளை இறக்கி மியாமியை எழவிடாமல் செய்தார். 104-87 என்று முடிந்த அந்த ஆட்டத்தோடு தொடர் 4-1 எனக் கைக்கு வந்தது. வென்ற நான்கு ஆட்டங்களிலும் வித்தியாசம் 15 புள்ளிகளோ அதற்கு மேலோதான். தொடரின் சிறந்த ஆட்டக்காரராக ஸ்பர்ஸின் 22 வயது கவாய் லெனார்ட் தேர்வானார்.

கட்டுரையாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றேன். 2012 நவம்பரில் மியாமியில் நடக்கவிருந்த ஆட்டத்துக்கு முன்பு, இதே போபோவிச் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் ஆகிய நால்வரையும் விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். லீக் நிர்வாகம் அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. அன்று நுழைவுச் சீட்டு வாங்கியிருந்தவரிடம் எந்தச் சமாதானமும் எடுபடாது. அதே ஆண்டு மார்ச்சில் ஓர் ஆட்டத்தின் புள்ளிப் பட்டியலில், டங்கன் ஆடாததற்குக் காரணம் ‘முதுமை’ என்றே பதிவாகியிருந்தது. சிரிக்க நன்றாக இருந்தாலும், அதுவும் வராமல் இருந்த வகைதான். வெறும் ஓய்வு வெற்றி தந்துவிடாது என்பதும் உண்மை: 2013-14 சீசனில் மியாமியின் டுவெய்ன் வேட் முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ள 54 ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் அவர் விட்ட இடத்தை நிரப்பி ஆடும் அளவுக்கு அங்கே யாரும் தேறவில்லை. சுமை ஜேம்ஸின் தோளில்தான் இறங்கியது.

2023-24 முதல், லீக்கின் முக்கிய விருதுகளுக்குத் தகுதி பெற ஒருவர் குறைந்தது 65 ஆட்டங்களில் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. கட்டுரையாளர் அதை ஓய்வுக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார். ஆனால், இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் இன்னும் சற்றுத் தளர்வு தந்து, மற்றவற்றில் 20 நிமிடம் ஆடினாலே கணக்கில் சேரும் என்கிறது அதே விதி; டங்கனும் பார்க்கரும் அந்த சீசனில் ஆடிய முறைக்கு இது எதிரானது அல்ல. ஆகவே, இனி இதைப் பற்றித் தங்கள் பக்கத்தில் எழுதும்போது, யார் யார் எத்தனை ஆட்டங்களுக்கு வரவில்லை என்ற பட்டியலோடு, வந்தவர்கள் சராசரியாக எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்ற பட்டியலையும் அருகிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்